ஒரே மிஷினில் அடித்த அப்ளிகேஷன்கள்

சிரஞ்சீவி மணிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம், மழை இன்னும் விட்டபாடில்லை, ரேஷன் அரிசியில் கல் குறையவில்லை என்பதையெல்லாம் உன் அம்மா போன தபாலிலேயே எழுதிவிட்டாள். ஆசீர்வாதத்தையும் என் பேருக்குச் சேர்த்து அவளே அனுப்பிவிட்டாள். எனக்கு மிச்சம் வைத்தது விஷயம் மட்டும்தான். அது கொஞ்சம் நீளமான விஷயம். நாக்பூரில் ஞாயிற்றுக்கிழமை பொழுது போகாமல் தவிக்கிறாய் என்று நீயே எழுதியிருந்தாய், அந்தத் தைரியத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

உன் கடிதத்தில் நடுவில் ஒரு வரி இருந்தது. புது ஆபீஸுக்கு ஒரு குமாஸ்தா வேண்டுமென்று பேப்பரில் விளம்பரம் செய்திருக்கிறார்கள், வந்து குவிகிற அப்ளிகேஷன்களைப் பார்த்து ஆளைப் பொறுக்கும் வேலையை உன் தலையில் கட்டிவிட்டார்கள், "இது உங்கள் சப்ஜெக்ட் அல்லவா அப்பா, எப்படிப் பொறுக்குவது என்று சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தாய். வேடிக்கையாகத்தான் கேட்டிருப்பாய். ஆனால் நீ என்னிடம் ஒன்றைக் கேட்டு வெகுநாள் ஆகிறது. காலேஜ் முடித்த பிறகு எதையும் கேட்டதில்லை. அந்த வரியை நான் திரும்பத் திரும்பப் படித்ததை உன் அம்மா பார்த்துவிட்டாள். கண்ணாடி சரியில்லை என்று சொல்லிச் சமாளித்தேன்.

அவள் சும்மா இருப்பாளா? மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்குகிறபோது பக்கத்துப் போர்ஷன் மாமியிடம் சொல்லியிருக்கிறாள். அது போதும். மறுநாள் காலையில் மாதுங்கா ஸ்டேஷன் பிளாட்பாரத்தில், வருஷக்கணக்காக என்னைக் கண்டால் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்கிற மனுஷர் ஒருவர் பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார்.

"என்ன ஓய், மணி நாக்பூர்ல பெரிய போஸ்ட்டாமே?"

"பெரிய போஸ்ட் இல்லை. பெரிய மேஜை" என்றேன்.

"மேஜை தானா வராது ஓய். நம்ம மச்சினன் பிள்ளை ஒருத்தன் இருக்கான். தங்கமான பையன். நீர் ஒரு வார்த்தை எழுதிப் போட்டா ஆச்சு."

"தங்கம்னா ஜவேரி பஜாருக்குன்னா அனுப்பணும்? குமாஸ்தா வேலைக்கு அனுப்பி எதுக்கு வீணாக்கறேள்?"

வண்டி வந்துவிட்டது. அவர் வேறு பெட்டியில் ஏறிக்கொண்டார். சாயங்காலம் அவர் மாமி உன் அம்மாவிடம் சொல்லி, உன் அம்மா என்னிடம் சண்டை போட்டாள். "ஏன்னா, நாலு பேர் தேடி வரச்சே நன்னா நாலு வார்த்தை பேசினா என்ன குறைஞ்சுடும்? உங்க நாக்குக்கு பயந்தே நம்மாத்துக்கு ஒருத்தரும் வரதில்லை." அது உண்மைதான். ஆனால் அந்த நாக்கு எப்படி இப்படி ஆயிற்று என்பதும் இந்தக் கடிதத்தில் வரும்.

என் சப்ஜெக்ட் என்கிறாய். மறுக்கமாட்டேன். கோட்டைப் பகுதியில் எங்கள் கம்பெனியில் சேர்ந்த நாள் முதல், வேலை கேட்டு வருகிற கடிதங்களைப் பிரித்து, வரிசைப்படுத்தி, எங்கள் வெள்ளைக்காரத் துரையின் மேஜையில் கொண்டுபோய் வைப்பதுதான் எனக்கு வாய்த்த உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் அந்தப் பழைய டைப்ரைட்டரை இறக்கி வைத்து, மாதுங்காவில் வேலை தேடுகிறவர்களுக்கெல்லாம் அப்ளிகேஷன் எழுதி அடித்துக் கொடுத்ததும் நான்தான். எழுதி அனுப்புகிறவனாகவும் இருந்தேன், பிரித்துப் பார்க்கிறவனாகவும் இருந்தேன். பம்பாயில் இந்த இரண்டு பக்கத்தையும் என்னைப்போல் பார்த்தவர் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள்.

அப்படிப் பார்த்ததில் முதலில் தெரிந்துகொண்டது இது. துரை எதையும் படிப்பதில்லை. ஒவ்வொன்றாக எடுப்பார், பார்ப்பார், இடது பக்கமோ வலது பக்கமோ வைப்பார். வலது பக்கம் வைத்தவனைக் கூப்பிட வேண்டும். இடது பக்கம் வைத்தவனுக்கு வருத்தக் கடிதம் அடிக்க வேண்டும். ஒரு காகிதத்தைக் கையில் வைத்திருக்கிற நேரத்தில் ஒரு வாய் டீகூடக் குடிக்க முடியாது. அந்த நேரத்தில் அவர் கண் எங்கே போகிறது என்பதைக் கிரகணம் பார்ப்பதுபோல் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு பக்கத்துக்கு மேல் போனால் இடது. சனிக்கிழமை குதிரைப் பந்தயம் இருந்தால் வலது பக்கம் மெலிந்துவிடும். ஒரு தடவை ஒருவன் தான் ஹாக்கி ஆடுவதாக எழுதியிருந்தான். துரை சிரித்துக்கொண்டே வலது பக்கம் வைத்தார். அதற்குப் பிறகு ஹாக்கி மட்டையைக் கண்ணால் கண்டிராத எத்தனையோ பேருக்கு நான் ஹாக்கி எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதில் ஒருவனை நேரில் கூப்பிட்டு, எந்த இடத்தில் ஆடுவாய் என்று கேட்டார். "எல்லா இடத்திலும் ஆடுவேன் சார்" என்றானாம். அவனுக்கும் வேலை கிடைத்தது. இன்று ஸ்டோர்ஸில் இருக்கிறான், குனிந்து நிமிர முடியாத உடம்பு.

உனக்கு முத்தையாவை நினைவிருக்கும். நீ மெட்ரிக் தேறியபோது பவுண்டன் பேனா வாங்கிக் கொடுத்தாரே, அவர்தான். அவர் எங்கள் கம்பெனிக்கு அனுப்பிய அப்ளிகேஷன் நன்றாகவே இருந்தது. நல்ல டைப்பிங் வேகம், துறைமுகத்தில் ஒரு கிட்டங்கியில் இரண்டு வருஷம் வேலை, அங்கே கொடுத்த நற்சாட்சிப் பத்திரம். துரையின் கண் மேலே விலாசத்தில் நின்றது. தாராவி. காகிதம் இடது பக்கம் போயிற்று. அதற்குக் கீழே இருந்த ஒரு வரியும் படிக்கப்படவில்லை. எனக்கு அது உறுத்தியது. நியாயத்துக்காக உறுத்தியது என்று பெருமையடித்துக்கொள்ள மாட்டேன். துரையைப் பரீட்சை செய்து பார்க்க வேண்டுமென்ற குறும்பு அதில் பாதி. முத்தையாவுக்கு ஆள் அனுப்பி வரவழைத்தேன். அடுத்த தடவை காலி விழுந்தபோது அதே காகிதத்தை ஒரு எழுத்து மாற்றாமல் அடித்து, விலாசத்தில் மட்டும் மாதுங்காவில் நாங்கள் அப்போது சாப்பிட்டுவந்த மெஸ்ஸின் பெயரைப் போட்டு, கேர் ஆஃப் என்று எழுதினேன். ஊரிலிருந்து வருகிற நம்மவர்கள் எல்லோரும் வீடு கிடைக்கும் வரை செய்கிற காரியம்தானே அது. துரை வலது பக்கம் வைத்தார். "நல்ல ஆளாகத் தெரிகிறது, இத்தனை நாள் எங்கே ஒளிந்திருந்தான்?" என்று என்னையே கேட்டார்.

வேலை கிடைத்த செய்தியையும் இடது வலது கதையையும் சொன்னபோது முத்தையா கும்பிட்டுக் குழைவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கும்பிடவில்லை. "சந்தோசம்யா. ஆனா ஒண்ணு கேக்கேன். வீடு மாறுனா டைப் அடிக்க வேகமும் மாறிருமாய்யா?" என்றார். வேலையில் சேர்ந்த அன்றே ரிஜிஸ்டரில் தாராவி விலாசத்தைத் தன் கையாலேயே எழுதினார். "இனிமே யாரும் என்னைய இடது பக்கம் தூக்கி வைக்க முடியாதுல்லா?" என்றார். எனக்கு அன்றைக்கு அவர்மேல் கொஞ்சம் கோபம்கூட வந்தது. நான் செய்த தந்திரத்தை அவர் போதுமான அளவு மெச்சவில்லையே என்று.

இனி வைத்தாவுக்கு வருகிறேன். வைத்தியநாதன் என்ற பேரை நம் வீட்டில் நான் உச்சரித்து நீ கேட்டிருக்கமாட்டாய். எதிர்க் கட்டடத்தில்தான் இருக்கிறான், தினமும் ஒரே வண்டியில்தான் போகிறோம், ஒரே ஆபீஸ்தான். ஏன் பேசுவதில்லை என்று சின்ன வயதில் நீ கேட்டபோது, "பெரியவர்கள் விஷயம்" என்று வாயை அடைத்தேன். இப்போது நீயே ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டாய், சொல்லலாம்.

நானும் அவனும் பாலக்காட்டிலிருந்து ஒரே ரயிலில் பம்பாய் வந்தவர்கள். மெஸ்ஸில் ஒரே அறை. என் ஒரு வேஷ்டியை அவன் கட்டிக்கொண்டு போவான், அவன் குடையில் நான் போவேன். எங்கள் ஹெட்கிளார்க் ஓய்வு பெற்றபோது, ஆபீஸுக்குள்ளேயே விருப்பமுள்ளவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்று துரை சொல்லியிருந்தார். வைத்தா அன்று சாயங்காலம் நம் வீட்டுக்கு வந்தான்.

"நீயும்தானே போடப்போறே? எனக்கும் உன் கையால நாலு வரி எழுதிக் குடுடா. என் இங்கிலீஷ்ல போட்டேன்னா இருக்கிற வேலையும் போயிடும்."

எழுதிக் கொடுத்தேன். எப்படி எழுதினேன் தெரியுமா? அவனைப் பற்றி எழுத எழுத எனக்கே உற்சாகம் பிடித்துக்கொண்டது. அவனுடைய நிதானம், யாரிடமும் முகம் கோணாமல் வேலை வாங்குகிற பாங்கு, யுத்த காலத்தில் ஆள் இல்லாதபோது இரண்டு பேர் வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தது, எல்லாம் உண்மைதான். உண்மையை நான் நன்றாக உடுத்தி, பொட்டு வைத்து அனுப்பினேன். அப்புறம் என்னுடையதை எழுத உட்கார்ந்தேன். பேனா ஓடவில்லை. நம் வீடுகளில் எப்படி வளர்க்கிறார்கள்? பந்தியில் இன்னொரு கரண்டி பாயசம் வேண்டுமானாலும் பக்கத்து இலைக்காரர்தான் நமக்காகச் சொல்ல வேண்டும். நம் வாயால் நம்மைப் பற்றி ஒன்று சொன்னால் வெட்கம். ஏதோ என்னால் இயன்ற சிறு தொண்டு, தங்கள் கருணை இருந்தால், தகுதி உண்டென்று தாங்கள் கருதினால் என்று ஒரு பக்கம் எழுதினேன். ஆபீஸின் பழைய கடிதக் கட்டுகளையெல்லாம் நான் ஒருவனாகவே ஒழுங்கு செய்து வைத்திருந்தேன். அதை ஒரு வரி குறிப்பிடவில்லை. துரைக்குத்தான் தெரியுமே என்று நினைத்தேன். அவருக்குத் தெரியவில்லை.

இரண்டையும் ஒரே மிஷினில், ஒரே ஞாயிற்றுக்கிழமை அடித்தேன். துரை என்னைக் கூப்பிட்டார். இரண்டு காகிதமும் அவர் கையில் இருந்தன. "இந்த வேலை உனக்கு வேண்டுமா வேண்டாமா என்று உனக்கே நிச்சயமில்லை போலிருக்கிறது. இவனைப் பார், தன் மதிப்பு இவனுக்குத் தெரிந்திருக்கிறது" என்று வைத்தாவின் காகிதத்தைத் தூக்கிக் காட்டினார். அவனுக்காக நான் எழுதிய வாக்கியத்தையே என் முகத்துக்கு நேரே நீட்டினார். நான் "யெஸ் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வைத்தா ஹெட்கிளார்க் ஆனான். அதில்கூட எனக்கு மனத்தாங்கல் இல்லை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய், நம்பாதே. ஆனால் என் நெஞ்சில் இன்றுவரை தைத்திருப்பது வேறு. இதை எழுதியவன் இன்னான் என்று அவன் துரையிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் வேலை போயிருக்காது, எனக்கும் வேலை வந்திருக்காது. என்றாலும் சொல்லியிருக்கலாம். என் நாக்கில் கசப்பு ஏறியது அன்றுதான். அன்று முதல் ஆபீஸில் அவனுக்கு குட் மார்னிங் சொல்வேன், தெருவில் சொல்லமாட்டேன். அவன் வீட்டுக் காப்பியைக் குடித்ததில்லை. தீபாவளிக்கு அவன் மாமி கொடுத்தனுப்புகிற பட்சணத்தை உன் அம்மா வாங்கி வைப்பாள், நான் தொடமாட்டேன். நீ தொட்டிருக்கிறாய். அலமாரியின் மேல்தட்டில் இருந்த ரவா லாடு தானாகக் குறையாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் உன்னைக் கேட்டதில்லை.

அந்த அடியிலிருந்து நான் பாடம் கற்றிருக்க வேண்டும். கற்கவில்லை என்பதற்கு நீயே சாட்சி. பி.காம். முடித்ததும் உனக்காக எத்தனை கம்பெனிகளுக்கு எழுதினேன்! மாதுங்காவில் யார் யாருக்கோ என் காகிதத்தால் வேலை கிடைத்தது, என் பிள்ளைக்கு ஒரு பதில்கூட வரவில்லை. உன் அம்மா ஆஸ்திக சமாஜக் கோயிலில் போய் வேண்டிக்கொண்டாள். நான் வைத்தாவின் திருஷ்டி என்று உள்ளுக்குள் கறுவினேன். ஒருநாள் நீ அந்தக் காகிதத்தைக் கையில் எடுத்து நிதானமாகப் படித்துவிட்டுக் கேட்டாய்.

"இதுல நான் எங்கேப்பா இருக்கேன்?"

"மேலே பேர் போட்டிருக்கே, கண் தெரியலையா?"

"பேர்தான் என்னுது. மத்ததெல்லாம் நீங்கதான் இருக்கேள். தயவு பண்ணி, தயவு பண்ணின்னு. நான் யார்ட்டயும் இப்படிப் பேசினதே இல்லையே."

உன்னைத் திட்டினேன். எட்டாங் கிளாஸ் வரை நான் சொல்லிக் கொடுத்த இங்கிலீஷ் என்னையே திருத்துகிறதா என்றேன். எனக்குத் தெரியாமல் உன் கையெழுத்திலேயே அரைப் பக்கம் எழுதி அனுப்பினாய், நாக்பூருக்குப் போய்விட்டாய். விக்டோரியா டெர்மினஸில் உன்னை வண்டி ஏற்றிவிட்டு வருகிறபோதுதான் எனக்கு உறைத்தது. பிறத்தியாரைப் பற்றி எழுதுகிறபோது வந்த தைரியம் என்னைப் பற்றி எழுதுகிறபோது வரவில்லை. உன்னைப் பற்றி எழுதுகிறபோதும் வரவில்லை. பெற்ற பிள்ளை தன்னைச் சேர்ந்தவன்தானே, அவனைப் புகழ்வதும் தற்புகழ்ச்சிதானே என்று கை தானாகக் குனிந்துவிட்டது. கெட்டிக்காரப் பிள்ளையைப் பிச்சைக்காரனாக எழுதி ஊரெல்லாம் அனுப்பியிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். காலையில் கதவைத் தட்டுகிற சத்தம். சேது நின்றுகொண்டிருந்தான். வைத்தாவின் மகன். உன்னைவிடச் சின்னவன், நீ கிரிக்கெட் ஆடுகிறபோது எப்போதும் பந்து பொறுக்கப் போவானே, அவன்தான். இப்போது ஆறடி.

"மாமா, உள்ள வரலாமா?"

"வந்துட்டியே. உங்கப்பா அனுப்பினாரா?"

"இல்லை மாமா. அப்பாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா போகாதேன்னு சொல்வார்."

"ஏன், நான் கடிச்சுடுவேனா?"

"அவர்ட்ட ஒரு தடவை வாங்கிண்டது இன்னும் தொண்டைல நிக்கறது, நம்மாத்துலேர்ந்து இன்னொரு தடவை போய்க் கேக்கப்படாது, அப்படீன்னு சொல்வார்."

உன் அம்மா சமையல் உள்ளிலிருந்து எட்டிப் பார்த்தாள். டைப்ரைட்டரின் மூடியை எடுத்தேன். அந்த மூடி அன்றைக்கு லேசில் கழலவில்லை.

அவன் கேட்டதும் எழுதித் தரச் சொல்லி அல்ல. தானே எழுதி வைத்திருந்தான், அடித்துக் கொடுத்தால் போதும் என்றான். நாக்பூர் கம்பெனியின் விளம்பரத்தைப் பார்த்துத்தான் எழுதியிருந்தான். உன் ஆபீஸ் என்று அவனுக்குத் தெரியுமா என்று கேட்டேன். "தெரியும் மாமா. நேத்திக்குத்தான் தெரிஞ்சுது. போடலாமா வேண்டாமான்னு யோசிச்சேன். மணிக்குத் தெரிஞ்சவங்கறதுக்காக வேலை கேக்கறது தப்புன்னா, அதுக்காகக் கேக்காம இருக்கறதும் தப்புதானேன்னு தோணித்து." காகிதத்தை வாங்கிப் படித்தேன். இண்டர்மீடியட்டில் ஒரு தடவை பெயிலாகி இரண்டாம் தடவை தேறியது, தாதரில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதியது, கடையை மூடிவிட்டதால் வேலை போனது, டைப் அடிக்க அவ்வளவு வேகம் வராது என்பது, எல்லாவற்றையும் வெள்ளையாக எழுதியிருந்தான். இங்கிலீஷ் நொண்டியது.

"பெயிலானதை ஏண்டா எழுதினே? உன்னை யார் கேட்டா?"

"அவா கேக்கறதுக்கு முன்னாடி சொல்லிட்டா அப்புறம் பயப்பட வேண்டாம் மாமா."

"ஹாக்கி ஆடுவியா?"

"ஐயையோ, எனக்குக் கேரம் போர்டுதான் வரும்."

என் விரல் அரித்தது, மணி. அந்தக் காகிதத்தைக் கால் மணி நேரத்தில் ராஜகுமாரனாக்கி அனுப்ப எனக்குத் தெரியும். ஒரு வார்த்தையும் மாற்றாமல், அவன் எழுதியது எழுதியபடி அடித்துக் கொடுத்தேன். அவனுடைய உண்மைக்கு மரியாதை செய்து அப்படி விட்டேனா, இல்லை, வைத்தாவின் பிள்ளை இப்படியே நொண்டிக்கொண்டு போகட்டும் என்று விட்டேனா, எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும் இருந்தது. அவன் காகிதத்தை வாங்கிக்கொண்டு நமஸ்காரம் செய்தான். உன் அம்மா அவனுக்குக் காப்பி கொடுத்தாள். குடித்தான். அவன் அப்பன் வீட்டுக் காப்பியை நான் குடிப்பதில்லை என்பது அவனுக்கும் தெரிந்துதான் இருக்கும்.

திங்கட்கிழமை ஆபீஸில் ஒரு கார்டு எடுத்து உனக்கு இரண்டு வரி எழுதினேன். வைத்தியநாதன் பிள்ளை மனுப் போட்டிருக்கிறான், நம் குடும்பத்துக்கும் அவர்களுக்கும் உள்ளது உனக்கே தெரியும், பார்த்துச் செய், என்று. பார்த்துச் செய் என்றால் என்ன அர்த்தம் என்று நீ கேட்டிருக்கமாட்டாய், நம் பாஷையில் அதற்கு அகராதி வேண்டாம். கார்டைத் தபால் பெட்டி வரை கொண்டு போனேன். அதன் வாயில் போடக் கையை நீட்டியபோது அந்தக் கை எனக்கு துரையின் இடது கைபோல் இருந்தது. தாராவி என்ற ஒரு சொல்லைப் பார்த்து அவர் ஒதுக்கினார், வைத்தியநாதன் மகன் என்ற ஒரு சொல்லைப் பார்த்து நான் ஒதுக்கச் சொல்கிறேன். அவரை எத்தனை வருஷம் மனத்துக்குள் பரிகாசம் செய்தேன்! கார்டைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டேன். தபால் பெட்டிக்குப் பக்கத்தில் கடலை விற்கிறவன் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பான்.

ஆகவே நீ கேட்டதற்கு என் பதில். வருகிற காகிதங்களை நம்பி ஆளை எடுக்காதே, காகிதத்தை நம்பி ஆளைத் தள்ளவும் தள்ளாதே. அழகான காகிதம் வந்தால், இதை எழுதியது எந்த ஊர் எந்தத் தெரு மாமாவோ என்று ஒரு சந்தேகம் வை. குனிந்து குழைகிற காகிதம் வந்தால், இவனை இப்படிக் குனிய வைத்தது யார் என்று யோசி. வேலை தெரிந்தவர்போல் தோன்றுகிறவர்களைக் கூப்பிட்டு, எதிரே உட்கார வைத்து, உன் ஆபீஸில் தினம் வருகிற பில் கட்டுகளில் ஒன்றை எல்லோருக்கும் ஒரேமாதிரி கொடு. ஒருவனிடம் கிரிக்கெட்டும் இன்னொருவனிடம் குலம் கோத்திரமும் விசாரிக்காதே. மத்தியானம் வரை வேலை செய்யட்டும். எவன் தெரியாததைத் தெரியவில்லை என்று வந்து கேட்கிறான், எவன் மூடி மறைக்கிறான் என்பது சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் தெரிந்துவிடும். இதை எங்கள் துரைக்கு யாரும் சொல்லவில்லை. நான் சொல்லியிருக்கலாம். கேட்டால் அல்லவா சொல்லலாம் என்று காத்திருந்தேன். அவர் கப்பலேறிப் போய்விட்டார்.

சேதுவையும் அந்த வரிசையில் கூப்பிடு. அவன் எங்களுக்குத் தெரிந்த வீட்டுப் பிள்ளை என்று உன் மேலதிகாரியிடம் முதலிலேயே சொல்லிவிடு, அவனே சொன்னமாதிரி, கேட்பதற்கு முன் சொல்லிவிட்டால் பயப்பட வேண்டாம். தேறாவிட்டால் மற்றவர்களுக்கு அனுப்புகிற அதே வருத்தக் கடிதத்தை அவனுக்கும் அனுப்பு, நான் ஏன் என்று கேட்கமாட்டேன். தேறினால் எடுத்துக்கொள். நான் வைத்தாவை மன்னித்துவிட்டேன் என்று மட்டும் நினைத்துவிடாதே. அது வேறு கணக்கு, அதை நானே பார்த்துக்கொள்கிறேன். அதை உன் மேஜைக்கு அனுப்பமாட்டேன்.

உன் அம்மா வந்து பின்னால் நின்று பார்க்கிறாள். "ஏன்னா, ஒரு பக்கத்துக்கு மேல போனா இடது பக்கம்னு நீங்கதானே சொல்வேள்? பிள்ளை இதைப் படிப்பானா?" என்கிறாள். நியாயமான கேள்வி. நீ படிக்காமல் விட்டாலும் கடைசிப் பக்கத்தையாவது படி. இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் நற்சாட்சி எழுதினேன். உனக்கு ஒன்று பாக்கி இருக்கிறது.

சம்பந்தப்பட்டவர்களுக்கு: இதைக் கொண்டுவரும் மணி என்பவரை அவர் பிறந்த நாள் முதல் அறிவேன். ஒழுக்கமும் புத்தியும் உள்ளவர். இவர் யாரிடமும் குழைந்து பேசி நான் கேட்டதில்லை. தகப்பனார் தவறு செய்தபோது தவறு என்று மரியாதை குறையாமல் சொல்லியிருக்கிறார், தகப்பனார் திட்டியதைப் பொறுத்துக்கொண்டும் இருக்கிறார். தகப்பனாருடைய விரோதி வீட்டு ரவா லாடைத் தின்றிருக்கிறார், அந்த வீட்டுப் பிள்ளை எதிரே வந்து நின்றால் உட்காரச் சொல்லி விசாரிப்பார். இவருடைய தகப்பனாரால் அது முடிந்ததில்லை. எந்தப் பெரிய உத்தியோகத்துக்கும் இவர் தகுதியானவர் என்று தயக்கமில்லாமல் சிபாரிசு செய்கிறேன். இதில் ஒரு வார்த்தையும் மிகை இல்லை. மிகையாக எழுதத் தெரிந்தவன் சொல்கிறேன்.

அப்பா